பல்வலிக்குக் கால் கட்டைவிரல்!

1915-ம் வருடம், செப்டம்பர் மாதம். அமெரிக்காவில் ‘எவ்ரிபடீஸ் மேகசின்’ என்ற பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. தலைப்பைப் பார்த்தவர்கள் முதலில் சிரித்திருப்பார்கள். பல்வலி நிற்க வேண்டுமா? கால்விரலைப் பிடித்து அமுக்குங்கள் என்பதுதான் தலைப்பு!

எழுதியவர் டாக்டர் எட்வின் பவர்ஸ். அவர் எழுதியது தன் கண்டுபிடிப்பைப் பற்றி அல்ல, வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற இன்னொரு டாக்டரைப் பற்றி. இந்த ஃபிட்ஸ்ஜெரால்டு ஏதோ சந்தையில் லேகியம் விற்கிற ஆசாமி என்று நினைத்துவிடாதீர்கள். 1872-ல் பிறந்தவர். 1895-ல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். பாஸ்டன் நகர மருத்துவமனையில் வேலை. அப்புறம் வியன்னா, லண்டன் என்று ஐரோப்பாவில் சில வருடங்கள். ஊர் திரும்பியதும் ஹார்ட்ஃபோர்டு நகரின் செயின்ட் ஃபிரான்சிஸ் மருத்துவமனையில் மூக்கு, தொண்டைப் பிரிவுக்குத் தலைவர்.

மூக்கு டாக்டருக்குக் காலோடு என்ன வேலை?

வலிதான் காரணம். மூக்குக்குள்ளும் தொண்டைக்குள்ளும் கத்தி வைக்கிறவருக்கு, நோயாளி துள்ளாமல் இருந்தாக வேண்டும். அந்தக் காலத்தில் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்ய டாக்டர்கள் நம்பியிருந்தது கோகெய்னை. ஆமாம், இன்று பிடிபட்டால் ஜெயிலுக்குப் போக வேண்டிய அதே கோகெய்ன்தான். 1884-ல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர் அதைக் கண்ணில் சொட்டவிட்டு, வலியில்லாமல் அறுவை சிகிச்சை செய்ய முடியும் என்று காட்டியிருந்தார். பலன் உண்டு. ஆபத்தும் உண்டு. ஃபிட்ஸ்ஜெரால்டு ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். சிலருக்கு மூக்கின் உள்ளே ஓரிடத்தை அழுத்தினாலே போதும், மருந்து வைத்தது போலவே மரத்துப்போகிறது. உடனே விரல், உள்ளங்கை, நாக்கு, பாதம் என்று ஒவ்வோர் இடமாக அழுத்திப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

முடிவில் அவர் போட்ட கணக்கு இது. உடம்பை உச்சந்தலை முதல் பாதம் வரை நெடுக்குவாட்டில் பத்துப் பட்டைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வலது பக்கம் 5, இடது பக்கம் 5. ஒவ்வொரு பட்டையும் ஒரு கைவிரலிலும் ஒரு கால்விரலிலும் போய் முடியும். ஒரு பட்டையில் எங்கே வலித்தாலும், அதே பட்டையில் வேறோர் இடத்தை அழுத்தி அந்த வலியை அடக்கலாம். இதற்கு ‘ஸோன் தெரபி’ என்று பெயர் வைத்தவர் பவர்ஸ். 1917-ல் இருவரும் சேர்ந்து இதே பெயரில் புத்தகமே போட்டுவிட்டார்கள். வீட்டிலேயே வலியைப் போக்கிக்கொள்வது எப்படி என்று துணைத் தலைப்பு வேறு.

புத்தகத்தைப் புரட்டினால் மளிகைக் கடை லிஸ்ட் மாதிரி இருக்கும். விரலில் சுற்றிக்கொள்ள ரப்பர் பேண்ட். விரல் நுனியில் மாட்ட, துணி உலர்த்தும் கிளிப். உள்ளங்கையில் வைத்து அழுத்த அலுமினிய சீப்பு. இடுப்பு வலிக்குச் சீப்பு, பிரசவ வலிக்கும் சீப்பு! தலைமுடி கொட்டாமலிருக்க இரண்டு கை விரல் நகங்களையும் ஒன்றோடொன்று உரசச் சொல்லி ஒரு யோசனையும் உண்டு. நம் ஊர்ப் பூங்காக்களில் காலை நேரத்தில் நகத்தோடு நகம் உரசியபடி நடக்கிறார்களே, அவர்களிடம் கேட்டால் ரிஷிகள் சொன்னது என்பார்கள். 1917-லேயே ஒரு அமெரிக்க டாக்டர் அதை அச்சில் ஏற்றியிருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

நம்பாத டாக்டர்களை மடக்க ஃபிட்ஸ்ஜெரால்டும் பவர்ஸும் ஒரு வித்தை வைத்திருந்தார்களாம். சந்தேகப் பிராணியின் கையில் ஓரிடத்தை அழுத்திப் பிடிப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதற்கு நேரான பட்டையில், முகத்தில் ஒரு ஊசியால் குத்துவார்கள். வலிக்காது என்று கதை சொல்கிறது. இருந்தும் சக டாக்டர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஃபிட்ஸ்ஜெரால்டு வெறும் கற்பனையில் மிதந்தாரா? முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்தக் காலத்து நரம்பியலில் நிஜமாகவே ஒரு பெரிய விஷயம் நடந்துகொண்டிருந்தது.

ஹென்றி ஹெட் என்று ஒரு ஆங்கிலேய நரம்பியல் நிபுணர். 1893-ல் அவர் வெளியிட்ட ஆய்வு, உள்ளுறுப்பில் கோளாறு வந்தால் அதற்குச் சம்பந்தமே இல்லாதது போலத் தோன்றும் தோல் பகுதியில் வலியும் கூச்சமும் வருவதை விளக்கியது. மாரடைப்பு வரும்போது இடது கை வலிக்கிறதே, அந்தச் சமாசாரம்தான். இதயத்திலிருந்து வரும் நரம்பும் கையிலிருந்து வரும் நரம்பும் முதுகுத்தண்டில் ஏறக்குறைய ஒரே வாசலில் நுழைகின்றன. மூளை விலாசத்தைக் குழப்பிக்கொள்கிறது. அக்கி வந்தவர்களின் உடம்பில் கொப்புளம் எந்தப் பட்டையில் வருகிறது என்று பார்த்துப் பார்த்து, எந்தத் தோலுக்கு எந்த நரம்பு என்று ஹெட் வரைபடமே போட்டார்.

மனுஷன் அதோடு விடவில்லை. நோயாளிகள் தங்கள் உணர்ச்சியைச் சரியாக விவரிப்பதில்லை என்று அவருக்குக் குறை. 1903 ஏப்ரல் 25-ம் தேதி தன் இடது முன்கையிலேயே ஒரு நரம்பை வெட்டச் சொல்லி, மறுபடி தைக்கச் சொன்னார்! போன உணர்ச்சி எப்படித் திரும்பி வருகிறது என்று நான்கு வருடங்களுக்கு மேல் கேம்பிரிட்ஜில் சோதனை. கண்ணை மூடிக்கொண்டு ஹெட் உட்கார்ந்திருப்பார். பஞ்சு, ஊசி, வெந்நீர், பனிக்கட்டி என்று அவர் கையில் வைத்து வைத்துக் குறிப்பு எடுத்தவர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். இந்த ரிவர்ஸ் நமக்குத் தெரிந்தவர்தான். அதற்கு ஓரிரு வருடங்கள் முன்புதான் நீலகிரிக்கு வந்து தோடர்களோடு பழகிவிட்டுப் போயிருந்தார். தோடர்களைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற புத்தகம் 1906-ல் வந்தது. ஹெட்டின் கையைப் பற்றிய அறிக்கை 1908-ல்.

ஆக, உடம்பின் ஓரிடத்தில் இருக்கும் கோளாறு இன்னோரிடத்தில் தெரியும் என்பது நிரூபிக்கப்பட்ட சங்கதி. ஆனால் இதிலிருந்து ஃபிட்ஸ்ஜெரால்டு தாண்டிய தாண்டல் இருக்கிறதே, அது அனுமார் தாண்டல். இதயத்தின் வலி கையில் தெரிகிறது, சரி. கையை அமுக்கினால் இதயம் சரியாகுமா? முதலாவது உண்மை என்பதால் இரண்டாவதும் உண்மையாகிவிடாது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஹெட்டின் பட்டைகள் உடம்பின் நடுப்பகுதியை ஒட்டியாணம் போல, பூணூல் போலச் சுற்றிக்கொண்டு போகும். ஃபிட்ஸ்ஜெரால்டின் பட்டைகளோ உச்சியிலிருந்து பாதத்துக்கு நேர்கோடு. அப்படி நெடுக ஓடும் நரம்பு உடம்பில் எதுவும் கிடையாது. உள்ளங்கால் தோலில் இருக்கும் உணர்ச்சி நரம்புகள் எல்லாம் கீழ் முதுகுப் பக்கம்தான் போய்ச் சேர்கின்றன. கல்லீரலுக்கென்று தனி லைன், கண்ணுக்கென்று தனி லைன் எதையும் எந்த உடற்கூறு மேஜையிலும் யாரும் காணவில்லை.

ஆனால் பாருங்கள், ஃபிட்ஸ்ஜெரால்டு பாதத்துக்கென்று தனி மரியாதை எதையும் தரவில்லை. கை, நாக்கு, மூக்கு என்ற வரிசையில் பாதமும் ஒன்று, அவ்வளவுதான். ஜோ ஷெல்பி ரைலி என்ற டாக்டரும் அவர் மனைவி எலிசபெத்தும் இந்த முறையைக் கற்றுக்கொண்டு, நெடுக்குக் கோடுகளோடு குறுக்குக் கோடுகளையும் சேர்த்து, பாதத்துக்கு விளக்கமான படங்கள் போட்டார்கள். அவர்களிடம் வேலை பார்த்த ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்மணிதான் இந்தக் கதையின் நிஜமான நாயகி.

யூனிஸ் இங்ஹாம். 1889-ல் பிறந்தவர். 1930-களின் தொடக்கத்தில் ஃப்ளோரிடாவில் வருகிற நோயாளிகளின் பாதங்களை ஒன்றுவிடாமல் விரலால் தடவிப் பார்த்தார். எங்கே அழுத்தினால் ‘ஆ’ என்கிறார்கள், அவர்களுக்கு என்ன நோய் என்று குறித்துக்கொண்டே வந்தார். முதலில் அந்த இடங்களில் பஞ்சு உருண்டையை வைத்துப் பட்டை போட்டு நடக்கவிட்டுப் பார்த்தார். அப்புறம்தான் கட்டைவிரலே போதும் என்ற முடிவுக்கு வந்தார். கம்பளிப்பூச்சி ஊர்வது போலக் கட்டைவிரலை மடக்கி நீட்டி, உள்ளங்காலில் அங்குலம் அங்குலமாக நகர்த்துவது. இன்றைக்கும் அடிப்படைப் பாடம் அதுதான்.

இப்படி உருவானதுதான் நாம் கடை வாசல்களில் பார்க்கும் அந்தக் கலர் படம். இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்தால் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிற மாதிரி. கட்டைவிரல் தலை. விரல்களுக்குக் கீழே மெத்தென்று இருக்கும் இடம் மார்பு, நுரையீரல். நடுவளைவில் வயிறு, சிறுநீரகம். குதிகாலில் இடுப்பு. பாதத்தின் உள்விளிம்பு நெடுக முதுகெலும்பு. கல்லீரல் வலது பாதத்தில், இதயம் இடது பாதத்தில். அழுத்தும்போது மணல் போல நெருடினால் அது நரம்பு நுனியில் படிந்த உப்புக் கசடு என்றும், அதைக் கரைத்துவிட்டால் உறுப்பு தேறும் என்றும் இங்ஹாம் நம்பினார். அந்தக் கசடை எந்த ஆய்வுக்கூடமும் கண்டதில்லை. ஆனால் படத்துக்கு ஒரு வசீகரம் இருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் புரிகிறது. தலை மேலே, இடுப்பு கீழே. ஒரு சித்தாந்தம் பரவ இதைவிட என்ன வேண்டும்?

1938-ல் ‘ஸ்டோரீஸ் த ஃபீட் கேன் டெல்’ என்ற புத்தகத்தை இங்ஹாம் எழுதினார். பிறகு பல பத்து வருடங்கள் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் வகுப்பு எடுத்தார். டாக்டர்களுக்கு அல்ல, யாருக்கு வேண்டுமானாலும். பி.காம். படித்தவனுக்கு எந்தக் கதையிலும் முதலில் கண்ணில் படுவது முதலீட்டுக் கணக்குதான். இந்தத் தொழிலுக்கு மூலதனம் என்ன? ஒரு நாற்காலி, ஒரு துண்டு, இரண்டு கட்டைவிரல்கள். மெஷின் கிடையாது, மருந்து கிடையாது, பேடன்ட் கிடையாது. பரவாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ‘தெரபி’ என்ற வார்த்தைக்கு பிசியோதெரபிஸ்ட்டுகள் ஆட்சேபம் செய்ததால், 1960-களில் ‘ரிஃப்ளெக்ஸாலஜி’ என்ற பெயர் நிலைத்தது. 1966-ல் டோரீன் பெய்லி இதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். ஜெர்மனியில் ஹன்னே மார்க்வர்ட் என்ற பெண்மணி. 1974-ல் இங்ஹாம் இறந்தபோது, அவருடைய கால்படம் கடல் தாண்டிப் பல நாடுகளுக்குப் போய்விட்டிருந்தது.

‘என்ன சார், இது ஐயாயிரம் வருஷத்துப் பழைய எகிப்தியக் கலை இல்லையா? சீனாக்காரன் கண்டுபிடித்தது இல்லையா?’ என்று உங்களில் பலர் கேட்பது காதில் விழுகிறது. பயிற்சிக் கூடங்களில் கண்டிப்பாக ஒரு எகிப்தியப் படம் மாட்டியிருப்பார்கள். அதைப் பார்த்துவிடுவோம்.

கெய்ரோவுக்குப் பக்கத்தில் சக்காராவில் அங்க்மஹோர் என்பவரின் கல்லறை இருக்கிறது. கிட்டத்தட்ட 4,300 வருடங்களுக்கு முந்தையது. அதன் சுவரில் ஒரு சிற்பம். உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கையை ஒரு ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார், இன்னொருவரின் காலை இன்னொரு ஆள். வலிக்காமல் செய் என்கிற அர்த்தத்தில் பக்கத்தில் எழுத்துக்கள். அதே கல்லறையில் சுன்னத் செய்யும் காட்சியும் இருப்பதால் ‘வைத்தியர் கல்லறை’ என்ற பட்டப்பெயர் வந்துவிட்டது. நிஜத்தில் அங்க்மஹோர் வைத்தியர் இல்லை, மன்னரின் அமைச்சர்.

அந்த ஆள் காலில் என்ன செய்கிறார்? மசாஜாக இருக்கலாம். சிகிச்சையாக இருக்கலாம். நகம் வெட்டிக்கொண்டும் இருக்கலாம்! விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதே சக்காராவில் 1964-ல் இன்னொரு கல்லறை கிடைத்தது. நியாங்க்-க்னும், க்னும்-ஹோடெப் என்ற இரண்டு பேருடையது. அவர்களுடைய பதவி, அரண்மனையில் நகம் திருத்துவோருக்கு மேற்பார்வையாளர். தனக்கென்று அலங்காரமான கல்லறை கட்டிக்கொள்ளும் அளவுக்கு நகம் திருத்துவது அங்கே பெரிய உத்தியோகம். இதில் எது சரி என்று ஒரு சிற்பத்தை வைத்துக்கொண்டு தீர்ப்பு சொல்ல முடியாது. எது இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். அந்தச் சுவரில் கல்லீரலுக்கு இது, கண்ணுக்கு இது என்று குறித்த கால்படம் இல்லை.

சீனக் கதை இன்னும் சுவாரஸ்யம். அக்குபங்சரில் பாதத்துக்கு முக்கிய இடம் உண்டு, மறுப்பதற்கில்லை. பன்னிரண்டு பிரதான நாடிப் பாதைகளில் ஆறு, கால்விரல்களிலோ பாதத்திலோ தொடங்கும் அல்லது முடியும். ஆனால் அக்குபங்சரின் அங்கீகரிக்கப்பட்ட 361 புள்ளிகளில் உள்ளங்காலில் இருப்பது எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று. யோங்சுவான் என்ற சிறுநீரகப் பாதையின் முதல் புள்ளி. ரிஃப்ளெக்ஸாலஜி படத்திலோ உள்ளங்கால் முழுக்க டி.நகர் ரங்கநாதன் தெரு மாதிரி நெரிசல். இரண்டும் ஒரே சாஸ்திரம் என்றால் நம்ப முடிகிறதா?

அப்படியானால் கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில், சிங்கப்பூர் மால்களில் ‘பாரம்பரியச் சீன பாத மசாஜ்’ என்று கூப்பிட்டு உட்கார வைக்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு பாதிரியாரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜோசப் யூக்ஸ்டர். ஸ்விட்சர்லாந்துக்காரர், 1940-ல் பிறந்தவர். கத்தோலிக்க மிஷனரியாக 1970-ல் தைவானுக்கு வந்தார். கிழக்குக் கடற்கரையில் தைதுங் பகுதியில், அமிஸ் பழங்குடி மக்கள் வாழும் கிராமங்களில் பணி. மூட்டு வலி அவரைப் படுத்தி எடுத்தது. அப்போது அவர் கையில் கிடைத்தது, ஹெடி மாசஃப்ரெட் என்ற பெண்மணி ஜெர்மன் மொழியில் எழுதிய ஒரு பாத மசாஜ் புத்தகம். படத்தைப் பார்த்துப் பார்த்துத் தன் காலையே அழுத்திக்கொண்டார். வலி குறைந்தது என்றார். சர்ச்சுக்கு வருகிறவர்களுக்கும் செய்துவிட ஆரம்பித்தார். 1980 வாக்கில் தைவான் பத்திரிகைகள் மோப்பம் பிடித்துவிட்டன. அவ்வளவுதான், பஸ் பிடித்து ஜனங்கள் வந்து குவிந்துவிட்டார்கள். வூ ரோஷ் என்ற அவருடைய சீனப் பெயரிலேயே ஒரு மசாஜ் முறை உருவாகி, ஹாங்காங், மலேசியா, சிங்கப்பூர் என்று பரவியது. இங்ஹாம் மெல்ல ஊரும் கட்டைவிரலோடு நின்றார். தைவான் முறையில் விரல் முட்டியும் மரக்குச்சியும் வந்தன. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அலறாமல் எழுந்தவர்கள் குறைவு.

ஹார்ட்ஃபோர்டு மூக்கு டாக்டரின் யோசனை, ஃப்ளோரிடா பெண்மணியின் கட்டைவிரல், ஐரோப்பியப் புத்தகம், ஸ்விஸ் பாதிரியார், தைவான் கிராமம். இத்தனை கை மாறி வந்த சரக்குதான் ‘பழமையான சீனக் கலை’ என்ற லேபிளோடு நமக்குக் கிடைக்கிறது. இதில் ஏமாற்று என்று யாரையும் சொல்ல மாட்டேன். கால் பிடித்துவிடும் பழக்கம் சீனாவில் நிஜமாகவே பழையது. பழைய பழக்கத்தின் மேல் புதிய படத்தை ஒட்டிவிட்டார்கள், ஒட்டின இடம் தெரியவில்லை.

இந்தப் பாத மசாஜ் மோகத்துக்கு அடியில் ஒரு சோற்றுப் பிரச்னையும் ஓடிக்கொண்டிருந்தது. தைவான் ஐம்பது வருடம் ஜப்பான் ஆட்சியில் இருந்த தீவு. ஜப்பானில் மசாஜ் என்பது காலங்காலமாகப் பார்வையற்றவர்களின் பிழைப்பு. அந்த வழக்கம் தைவானிலும் கொரியாவிலும் வேர்பிடித்தது. 1980-ல் தைவான் ஒரு சட்டமே போட்டது: பார்வையற்றவர்களைத் தவிர வேறு யாரும் மசாஜ் தொழில் செய்யக் கூடாது. அவர்களுக்கு வேறு வேலை கொடுக்க நாதியில்லாத சமூகத்தில், கையிலிருக்கும் ஒரே தொழிலுக்குப் போட்ட வேலி அது. ஆனால் அதே வருடங்களில்தான் தெருவுக்குத் தெரு பாத மசாஜ் கடைகள் முளைத்தன. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் கண் தெரிந்தவர்கள். அபராதம், வழக்கு என்று இழுபட்ட இந்த மசாஜ் தகராறு கடைசியில் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. 2008 அக்டோபர் 31-ம் தேதி தீர்ப்பு: எல்லோருக்கும் தொழில் செய்யும் உரிமை உண்டு, இந்தத் தடை செல்லாது, மூன்று வருடத்துக்குள் காலாவதி.

அதற்கு முதல் நாள், அக்டோபர் 30. தென்கொரியாவின் அரசியல் சாசன நீதிமன்றம் கிட்டத்தட்ட இதே கேள்விக்கு நேர் எதிரான பதிலைச் சொல்லியிருந்தது. மசாஜ் பார்வையற்றவர்களுக்கு மட்டும்தான், சட்டம் செல்லும் என்று! அங்கே 2006-ல் ஒரு தடவை எதிரான தீர்ப்பு வந்து, பார்வையற்றவர்கள் ஆற்றுப் பாலத்தின் மேல் ஏறிப் போராடி, உயிரையும் விட்ட பிறகு வந்த பதில் அது. இருபத்து நான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு நாடுகள், இரண்டு நியாயங்கள். எது சரி என்று என்னைக் கேட்டால் நான் கொரியப் பக்கம்தான் சாய்வேன். உரிமை எல்லோருக்கும் சமம்தான். ஆனால் மற்றவர்களுக்கு நூறு வாசல் திறந்திருக்கும்போது, ஒரே வாசல் இருப்பவனிடம் போய் சமத்துவம் பேசுவது சுலபம்.

நம் நாட்டுக்கு வருவோம். உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று பாட்டிகள் சொல்வதற்குப் பின்னால் ஆயுர்வேதம் இருக்கிறது. பாதத்தில் எண்ணெய் தேய்ப்பதற்குப் பாதாப்யங்கம் என்று பெயர். சொரசொரப்பு, வறட்சி, களைப்பு, மரமரப்பு போகும், பார்வை தெளியும் என்கிறது சரக சம்ஹிதை. இங்கே எண்ணெயும் தேய்ப்பதும்தான் முக்கியம், பொத்தான் பொத்தானாக அமுக்கும் படம் கிடையாது. அந்தப் படம் நமக்கு வந்தது முள் முள்ளாக இருக்கும் மர உருளையோடும், குமிழ் வைத்த ரப்பர் செருப்போடும். பொருட்காட்சியில் அப்பளக் கடைக்குப் பக்கத்துக் கடையில் இரண்டும் கிடைக்கும்.

சரி, பலன் உண்டா இல்லையா?

2000-ல் இங்கிலாந்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஆறு குறிப்பிட்ட நோய்களில் ஒன்றோ அதற்கு மேலோ இருந்த 18 பேரின் பாதங்கள். இரண்டு ரிஃப்ளெக்ஸாலஜிஸ்டுகள். யாருக்கு என்ன நோய் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. பாதத்தைத் தொட்டுப் பார்த்தே சொல்லுங்கள் பார்ப்போம் என்றார்கள். சொல்ல முடியவில்லை. அவர்கள் இருவருக்குள்ளேயும் ஒத்துப்போகவில்லை. 2009-ல் எட்சார்ட் எர்ன்ஸ்ட் 18 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, எந்த நோய்க்கும் இது நம்பகமான சிகிச்சை என்று காட்ட ஆதாரம் போதவில்லை என்று எழுதினார். ஆஸ்திரேலிய அரசு இன்னும் கறாராக, 2019 ஏப்ரல் 1 முதல் தனியார் மருத்துவ இன்ஷூரன்ஸில் ரிஃப்ளெக்ஸாலஜிக்குக் காசு கிடையாது என்று வெட்டிவிட்டது.

ஒரேயடியாகச் சைபர் போட்டுவிடவும் முடியாது. 1993-ல் அமெரிக்காவில் 35 பெண்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில், மாதவிலக்குக்கு முந்தைய தொல்லைகள் நன்றாகவே குறைந்தன. எனக்குப் பிடித்தது 2012-ல் வெளியான இன்னோர் ஆய்வு. முற்றிய மார்பகப் புற்றுநோயோடு சிகிச்சையில் இருந்த 385 பெண்கள் பங்கேற்றார்கள்; முக்கியப் பிரிவுகள் மூன்று. ஒரு பிரிவுக்கு முறையான ரிஃப்ளெக்ஸாலஜி. இன்னொரு பிரிவுக்கு, படம் எதுவும் அறியாத சாதாரண ஆட்கள் காலைப் பிடித்துவிட்டார்கள். மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ரிஃப்ளெக்ஸாலஜி பிரிவில் மூச்சுத்திணறல் குறைந்தது, நடமாட்டம் மேம்பட்டது. வலியிலும் குமட்டலிலும் வித்தியாசம் இல்லை. களைப்பு எந்தப் பிரிவில் குறைந்தது தெரியுமா? ஒன்றும் தெரியாதவர்கள் கால் பிடித்துவிட்ட பிரிவில்! சாகும் பயத்தில் இருக்கும் ஒருவரின் காலை அரை மணி நேரம் ஒருவர் மடியில் எடுத்து வைத்துக்கொள்வதற்கே ஒரு மதிப்பு இருக்கிறது போலும்.

கூழாங்கல் பாதைக்கும் ஒரு நல்ல வார்த்தை உண்டு. 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 60 வயதைத் தாண்டிய 108 பேரில் ஒரு பகுதியினர் 16 வாரங்கள் கூழாங்கல் பாயில் நடந்தார்கள். சாதாரணமாக நடந்தவர்களைவிட அவர்களுக்கு ரத்த அழுத்தம் குறைந்தது, தள்ளாட்டமும் குறைந்தது. அங்கே யாரும் கல்லீரல் புள்ளியைத் தேடி மிதிக்கவில்லை. காலுக்குக் கீழே கல் உருளும்போது உடம்பு விழாமல் சமாளிக்கப் பழகுகிறது.

ஆகவே களைப்பாக இருக்கிறது, காசும் இருக்கிறது என்றால் தாராளமாகப் போய் உட்காருங்கள். ஆனால் காலை அமுக்கிவிட்டு, ‘உங்களுக்குக் கிட்னி வீக்காக இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் பதறாதீர்கள். அதைவிட முக்கியம், ‘கிட்னி நன்றாக இருக்கிறது’ என்று சொன்னால் அதை நம்பி டாக்டரிடம் போவதை நிறுத்திவிடாதீர்கள். காலில் ரத்தக்கட்டி இருப்பவர்கள், சமீபத்தில் எலும்பு முறிந்தவர்கள், புண் இருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று கணக்குச் சொன்னது. வருடக்கணக்கில் சர்க்கரை இருந்தால் முதலில் அடி வாங்குவது பாத நரம்புகள். உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், போவதே தெரியாது. அந்தக் காலை மரக்குச்சியால் அழுத்தினாலும், வெந்நீரில் வைத்தாலும், முள் செருப்பு கிழித்தாலும் வலிக்காது. வலிக்காததால் புண் தெரியாது. புண் புரையோடி, விரலை எடுக்க வேண்டும் என்று சொல்லும்போதுதான் வீட்டில் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள்.

இதைக் கண்டுபிடிக்க சர்க்கரை டாக்டர்களிடம் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. பேனா போன்ற பிடியில் ஒரு நைலான் இழை, மீன்பிடி நரம்பு மாதிரி. உள்ளங்காலில் கட்டைவிரல் நுனி, அதற்குக் கீழே மேடான பகுதி என்று சில இடங்களில் அதை வைத்து, இழை வளைகிற வரைக்கும் அழுத்துவார்கள். அந்த அழுத்தம் சரியாகப் 10 கிராம். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ‘தெரியுதா... இப்போ தெரியுதா?’ என்று கேட்பார்கள். இரண்டு நிமிஷ வேலை. கேம்பிரிட்ஜில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த ஹென்றி ஹெட்டிடம் ரிவர்ஸ் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். அடுத்த முறை சுகர் டெஸ்ட்டுக்குப் போகும்போது செருப்பையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு, அந்த இழையால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் டாக்டர் என்று நீங்களாகவே கேளுங்கள்.